பச்சைப் பூச்சிக்கு நான் எழுதிய பொய்ச் சீட்டு

அன்புள்ள சாந்தாமணிக்கு,

உன் அம்மா அனுப்பிய கேசட்டில் கோயமுத்தூர் மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், உன் இருமல், நீ புதிதாக வாங்கிய ரப்பர் பூட்ஸ் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அதனால் நலமா என்று கேட்டு ஒரு வரியைச் செலவழிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் நீ பூச்சி ஆராய்ச்சிக்காகத் தென்னமெரிக்காவில் இருக்கும் கயானாவுக்குப் புறப்படுகிறாய். பம்பாய் வரை அம்மா கூட வருகிறாள். எனக்கு லீவு இல்லை. விமான நிலையத்தில் உன் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதை இங்கே துபாயில் ஸ்டோர் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, யார்டில் ஒரு ஆளும் இல்லை, கூலர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. கடிதம் நீளும். நீ பதினோரு பக்கம் எழுதி ஒரு பூச்சியை விவரித்தவள், அப்பன் நாலு பக்கம் எழுதினால் பொறுத்துக்கொள்வாய்.

அந்தப் பதினோரு பக்கமும் போன வாரம் வந்து சேர்ந்தது. அச்சில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பெருமையாக இருக்கிறது கண்ணு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை, இத்தனை வருஷம் சுற்றி வளைத்ததே போதும். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். கட்டைவிரல் நகம் அளவுள்ள பூச்சிக்குக் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம், உணர்கொம்பின் ஐந்து கணுவில் எது நீளம், முதுகுக் கேடயத்தின் நுனி எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதியிருக்கிறாய். படத்தில் அதன் கால் மயிரைக்கூட விடவில்லை. என் ஸ்டோரில் பத்து டன் கம்பிக்கே ஒரு வரிதான். நான் வேலையில் கறாரானவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கறார் என்றால் என்னவென்று உன் ஏழாம் பக்கத்தில்தான் பார்த்தேன்.

நீ பூச்சி படிக்கப் போகிறேன் என்று சொன்ன வருஷம் நான் லீவில் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "எல்லாரும் மருந்தடிச்சுக் கொல்றாங்க, நீ எதுக்கு அதைப் பெட்டியில வெச்சுக் கும்பிடறே?" என்று கேட்டேன். நீ வாதாடவில்லை. "கொல்றதுக்கும் அது எதுன்னு தெரியணுமில்லீங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். நான் இன்னும் சத்தம் போட்டேன். அதற்கப்புறம் உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று விசாரித்தபோது "காலேஜ்ல வேலை" என்று முடித்துக்கொண்டேன். நாவாய்ப் பூச்சி என்று சொல்ல எனக்கு வெட்கம். நம் பக்கத்தில் அது சோற்றில் விழுந்தால் குண்டாவோடு கொண்டுபோய்க் கொட்டுவார்கள், அந்த நாற்றத்தைப் படிக்கிறாள் என் மகள் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று அம்மா பிறகு சொன்னாள். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது அந்தப் பூச்சியின் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்து நடப்பு முழுசாக உனக்குத் தெரியாது. துறைமுகத்தில் புதுத் துறை கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்த சமயம். கடலில் தூணாக அடிக்கக் கயானாவிலிருந்து பட்டையோடு உருளைக்கட்டைகள், கான்கிரீட்டுக்குப் பலகை அடைக்க பிரேசிலிலிருந்து பைன் பலகைகள். இரண்டு கப்பலும் ஒரே வாரத்தில் வந்தன. தனித்தனியாக அடுக்க வேண்டும், அது ஸ்டோர்கீப்பர் பொறுப்பு. கிரேன் ஒருநாள்தான் கிடைத்தது, புழுதிக்காற்று வேறு. "யல்லா, யல்லா" என்று ஃபோர்மேன் அவசரப்படுத்திக் கத்தினான். சரி, எல்லாம் மரம்தானே என்று இரண்டையும் ஒரே இடத்தில் நெருக்கி அடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது என் முதல் தப்பு, அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து குல் கான் கட்டுக்கம்பி வெட்டிக்கொண்டிருந்தார். பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், என் யார்டில் ஆறு வருஷமாகச் சுமை இறக்குகிறவர். "சாப், யே தேகோ, கீடா!" என்று கூப்பிட்டார். இரண்டு அடுக்குக்கும் நடுவே மணலில் இரண்டு பூச்சிகள். புது பிளாஸ்டிக் வாளி மாதிரிப் பளிச்சென்ற பச்சை, தோள் இரண்டும் முள்ளாக நீண்டு, முள்ளின் நுனி செங்கல் சிவப்பு. "மாரூங்?" என்று செருப்பை ஓங்கினார். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. "மத் மாரோ, மத் மாரோ" என்று தடுக்க ஓடினேன். காலி தைல டப்பாவில் பிடித்துப் போட்டோம். அது விட்ட நாற்றத்தில் ஆபீஸ் பையன்கள் வெளியே போய் நின்றார்கள். செத்துக் காய்ந்ததும் பஞ்சில் சுற்றி, லீவில் போன பொள்ளாச்சிக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். கூடவே 'நான் ஒரு பூச்சி கண்டுபிடித்தேன்' என்று ஒரு சீட்டும் வைத்தேன். குல் கான் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

உன் பதில் வந்தது. உன் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஓடி நான் பார்த்ததே இல்லை. உன் புத்தகங்களில் எதிலும் இது இல்லை, வெளிநாட்டு மியூசியத்துக்குப் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறோம், தென்னமெரிக்க இனம் மாதிரி இருக்கிறது, உலகத்தில் இதற்கு இன்னும் பெயரே வைக்கவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கீழே கேள்விகள். உயிரோடு இருந்தபோது என்ன நிறம்? காய்ந்தால் பச்சை வெளுத்துவிடும். எந்தத் தேதி? எந்த மரம்? எந்த நாட்டிலிருந்து? ஒரு சின்னச் சீட்டையும் கட்டம் போட்டு அனுப்பியிருந்தாய், நிரப்பி அனுப்புங்கள் என்று.

சாந்தா, நான் பன்னிரண்டு வருஷ ஸ்டோர்கீப்பர். எங்கள் தொழிலில் காலிக் கட்டம் என்பது கிடையாது. சரக்கின் மேல் ஒட்டிய தாள் கிழிந்திருந்தால் கப்பல் தாளைப் பார்த்து எழுதுவோம், கப்பல் தாளும் இல்லையென்றால் போன தடவை எங்கிருந்து வந்ததோ அதை எழுதுவோம். கட்டம் காலியாக இருந்தால் ஸ்டோர்கீப்பர் தூங்கினான் என்று அர்த்தம். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். உன் சீட்டிலும் அதையே செய்தேன். தேதி எழுதினேன், நிறம் எழுதினேன். 'நாடு' என்ற கட்டத்தில் பேனா நின்றது. பலகையா, உருளைக்கட்டையா, எதிலிருந்து விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மேஜையில் பலகையின் கப்பல் தாள் மேலாக இருந்தது. முத்து முத்தாக 'பிரேசில்' என்று எழுதினேன். எழுதியதும் மறந்தும் போனேன், அதுதான் இன்னும் மோசம்.

ஆறு மாதம் கழித்து உன் குரலே கேசட்டில் வந்தது. தேரா பகுதியில் நாங்கள் தங்கியிருக்கிற அறையில் கேசட்டைத் தனியாகக் கேட்க வழியில்லை என்று உனக்குத் தெரியும். ஏழு பேர், ஒரு டேப்ரிக்கார்டர். யாருக்கு வந்தாலும் எல்லாரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்பார்கள், மற்றவன் பிள்ளை 'அப்பா எப்ப வருவீங்க' என்று கேட்டால் எல்லாரும்தான் மூக்கைச் சிந்துவார்கள். உன் குரல் வந்தது. "அப்பா, கட்டுரை எழுதி முடிச்சுட்டேனுங்க. பிரேசிலுக்கு உரியதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி லத்தீன்ல பேர் வெச்சிருக்கறேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. பேர் வெச்சா வெச்சதுதானுங்கப்பா, பின்னால தப்புன்னு தெரிஞ்சாலும் யாராலயும் மாத்த முடியாது. இதைப் பார்த்துத்தான் வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு எம் பேரை அனுப்பறாங்க. எல்லாம் உங்க சீட்டுனாலதானுங்க." அறையில் ஒரே கைதட்டல். தஞ்சாவூர்க்காரர் எழுந்து என் கையைக் குலுக்கினார். "உங்க பொண்ணு உலகத்துக்கே பேர் வைக்குதே அண்ணாச்சி!" என்றான் நாகர்கோவில் பையன். நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நான் நிரப்பிய 'நாடு' கட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அந்தக் கேசட்டைக் கேட்டபிறகு எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அச்சுக்குப் போக ஒரு வாரம் என்று நீ சொன்னதே கேசட் கிளம்பிய தேதியில் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். ஒரு பூச்சிதானே, பிரேசிலும் கயானாவும் பக்கத்துப் பக்கத்து நாடு, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் உன் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்பதும் ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. உனக்கு முன்னால் நான் சின்னவனாகிவிடுவேன் என்று பயந்தேன். ஒன்பதாம் நாள் ஸ்டோரில் ஒரு புதுப்பையன் தெரியாத சரக்குக்குத் தாளில் ஏதோ எழுதியிருந்தான். "இதெங்கடா பாத்து எழுதுனே?" என்று கத்தினேன். "நீங்கதான சார் கட்டத்தைக் காலியா விடாதேன்னீங்க" என்றான். அப்படியே எழுந்து தந்தி ஆபீசுக்கு நடந்தேன்.

'அச்சிடாதே. சீட்டில் நாடு பொய். கடிதம் வருகிறது.' அவ்வளவுதான் எழுதினேன். தந்தி வாங்கிய மலையாளி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பரிவாக விசாரித்தார். எனக்குத்தான் என்றேன். அங்கே உன் அம்மா தந்தியைப் பிரிக்காமலே அழுது தெருவைக் கூட்டிவிட்டாள் என்றும், நீ பிரித்துப் படித்துவிட்டு "அப்பா நல்லா இருக்காருங்கம்மா, பூச்சிக்குத்தான் ஊர் தப்பாப் போச்சு" என்றாய் என்றும் பிறகு தெரிந்தது. அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கட்டுரையை நீ பஸ் பிடித்துப் போய்த் திரும்ப வாங்கிவந்தாய். எனக்கு நீ எழுதியது நாலே வரி. திட்டு இல்லை. "தெரியாததைத் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்கன்னா அதுவும் எனக்கு உபயோகமாத்தான் இருந்திருக்குமுங்கப்பா." அந்த வருஷ ஸ்காலர்ஷிப் வேறொருவருக்குப் போனதை நீ எழுதவில்லை. அம்மாதான் கேசட்டில் சொன்னாள். சொல்லிவிட்டு, "அதுங்கிட்டக் கேட்டுப்போடாதீங்க, அது சொல்ல வேண்டாமுன்னுது" என்றாள்.

அப்புறம்தான் நான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். யார்டில் இருந்த மரத்தைப் புரட்டிப் பிரயோஜனமில்லை, பக்கத்து அடுக்கிலிருந்து ஊர்ந்து வந்திருக்கலாமே என்று நீயே எழுதியிருந்தாய். அடுத்த உருளைக்கட்டைக் கப்பலுக்காகக் காத்திருந்தேன். ஏழு மாதம். கப்பல் வந்த அன்று, ஒரு கட்டைகூட இறங்குவதற்கு முன்னால், குல் கானையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். அதில் வேறு சரக்கே கிடையாது, முழுக்க முழுக்கக் கயானா மரம். கப்பல் ஆபீசர் ஒரு கிரேக்கர். என்ன தேடுகிறாய் என்றார். பூச்சி என்றேன். என் மகள் பூச்சி விஞ்ஞானி, தென்னமெரிக்க நாவாய்ப் பூச்சி ஒன்றுக்குப் பெயர் வைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சத்தமாகச் சொன்னேன். பெண் கேட்டு வந்தவர்களிடம் சொல்லாததை ஒரு கிரேக்கரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு டார்ச் கொடுத்தார்.

வெயிலில் இரும்பு கொதித்தது. இருவரும் முட்டிபோட்டு ஒவ்வொரு கட்டையாகப் பட்டையைக் கத்தியால் நெம்பினோம். மத்தியானம்வரை ஒன்றும் இல்லை. "கலாஸ் சாப், மாஃபி" என்று குல் கான் கையை விரித்தார். இன்னும் ஒரு வரிசை என்றேன். அந்த வரிசையிலும் முதலில் பார்த்தது அவர்தான். பட்டைக்குள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு ஐந்து. மூன்று உயிரோடு இருந்தன. அதே பச்சை, அதே சிவப்பு முள். நீ வேண்டுமென்று கேட்ட ஆண் பூச்சியும் அதில் இருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. குல் கானும் நானும் கொதிக்கிற கப்பல் தளத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு பேர் மேலும் அந்த நாற்றம்.

அங்கேயே உட்கார்ந்து சீட்டு எழுதினேன். நாடு: கயானா, கப்பலில் இறக்கும் முன் பட்டைக்குள் எடுத்தது. அடுத்த கட்டம் 'காடு அல்லது ஊர்'. ஆபீசரிடம் கேட்டேன், தெரியாது என்றார். ஏதோ ஒரு ஆற்றின் பெயர் தாளில் இருந்தது. கை பரபரத்தது. எழுதவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நான் காலியாக விட்ட முதல் கட்டம் அதுதான். விட்டுவிட்டுப் பார்த்தால் என்னவோ உடுப்பு இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உனக்கு அனுப்பினேன்.

நீ அதற்குப் பதில் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "முதல் தடவை அதை யாருங்கப்பா பார்த்தது? இந்தத் தடவை நிசமாச் சொல்லுங்க." நீ எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் பெயர் லத்தீனில் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு குல் கான் என்று எழுதினேன். இப்போது அச்சில் அவர் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டி, அந்தப் பூச்சி உலகம் உள்ளவரை அவர் பெயரோடு இருக்கப் போகிறது. கொஞ்சம் வயிறெரிந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சுமை இறக்குகிற ஒரு மனிதரின் கண்ணுக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்தவள் என் மகள் என்று நினைத்ததும் அந்த எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

அவரிடம் பக்கத்தைக் காட்டினேன். "மேரா நாம்? கீடே கா?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். தன் பெயர் ஒரு பூச்சிக்கா என்று யார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தார், சிரிப்பு இல்லை. படிக்கத் தெரியாதவர், தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பையன் படிப்பான் என்றார். கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே விடாதவன் நான், பதினோரு பக்கத்தையும் அப்படியே கொடுத்துவிட்டேன். எனக்கு வேறொரு பிரதி அனுப்பு.

அங்கே போனதும் நன்றாகச் சாப்பிடு. நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன தேசம் அது, சோறு கிடைக்கும், ஒருவேளை நம் ஜாடையில் முகங்களும் கிடைக்கும். காட்டில் மரம் வெட்டுகிறவனிடம் முதலில் கேள், அவன் கண்ணில்தான் முதலில் படும். காய்ச்சல் வந்தால் அம்மாவுக்கு மறைக்காதே, மறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், திட்டு எனக்குத்தான் விழும்.

கல்யாணம் உன் இஷ்டம். போன வாரம் ஒரு வரன் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில், பெண் என்ன செய்கிறாள் என்பதற்கு 'நாவாய்ப் பூச்சி ஆராய்ச்சி, தென்னமெரிக்கா' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அவர்கள் பதில் போடாவிட்டால் நஷ்டம் அவர்களுக்கு.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நீ வெட்டுகிற அளவிலேயே, நகம் அளவுக்கு, கண்ணாடி போட்டுக்கொண்டு நானே வெட்டிக் கட்டம் போட்டது. பூச்சியின் பெயர் எழுதியிருக்கிறேன், நாடு எழுதியிருக்கிறேன். காடு என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நீ அந்த மரத்தடியில் நின்று, உன் கண்ணால் அந்தப் பச்சையைப் பார்த்தபிறகு உன் கையால் நிரப்பு. பார்க்கக் கிடைக்கவில்லையென்றால் காலியாகவே திருப்பிக் கொண்டு வா. அப்போதும் இதே அளவு பெருமையோடு வாங்கிக்கொள்வேன்.

உன்,
அப்பா